பதினெட்டுக் கிலோ குறைகிறது

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய் என்றால் என் நாக்கு அழுகிப்போகட்டும். பற்களின் மேலும் சத்தியம் செய்திருப்பேன். அவை போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. நம்பாதவர்கள் நம்பாமலே போகலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. நடந்தது நடந்ததுதான்.

வரைபடக்காரரின் வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. கட்டப்போகும் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக்கொடுப்பது அவர் தொழில். எந்தத் தளம் எவ்வளவு பாரம் தாங்கும், எந்தத் தூண் எங்கே நின்றால் கூரை தலையில் விழாது என்று கணக்குப் பார்த்துப் பார்த்துக் கோடு இழுக்கிற வேலை. பழைய கம்ப்யூட்டர் ஒரு சுவரை வரைவதற்குள் அந்தச் சுவரை நிஜமாகவே கட்டி முடித்துவிடலாம் போலிருந்ததால், இணையக் கடையில் பெரிய திரையோடு ஒன்றை வாங்கினார். அதைத் தூக்கி வந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் தாட்டியான ஆட்கள். மூன்றாம் மாடிக்கு லிஃப்டில் ஏற்றி, வாசலில் தொப்பென்று இறக்கி, ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்ன சார், உள்ள கம்ப்யூட்டரா, கருங்கல்லா?"

"கம்ப்யூட்டர்தாங்க."

"சொல்றீங்க. நம்பிட்டுப் போறோம்."

பெட்டியை அவரும் மகளும் சேர்ந்து பிரித்தார்கள். மகள் அந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் குட்டி. மனைவி வேலை விஷயமாக வேறு ஊரில் பயிற்சிக்குப் போயிருந்தாள். அடுத்த வாரக் கடைசியில்தான் வருவாள். அதுவரை சமைப்பது, சடை பின்னுவது, வீட்டுப்பாடம், அழுகை, சமாதானம் எல்லாம் அப்பாவின் தலையில்.

நாடாவைக் கிழித்ததும் புதுப் பிளாஸ்டிக்கின் வாசனை வந்தது. அதற்கடியில், நனைந்து உலர்ந்த அட்டையின் நாற்றம். பெட்டி தேவைக்கு மேல் பெரிதாக இருந்தது. உள்ளே வெள்ளை ஃபோமில் அச்சு வார்த்த மாதிரிக் குழிகள். திரைக்கு ஒரு குழி, கம்ப்யூட்டருக்கு ஒரு குழி. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று, இரண்டையும்விடப் பெரிதாக, வளைந்து, மழமழவென்று, காலியாக. விசைப்பலகையை அதில் வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. கம்பிகளைச் சுருட்டி வைத்துப் பார்த்தார், அதற்கும் இல்லை. எதற்காகச் செய்த குழி என்று புரியவில்லை.

"அப்பா, பெட்டியத் தூக்கிப் போட்டுறாத. நான் வீடு கட்டி விளையாடணும்."

"சரி, வச்சுக்கோ."

எல்லாவற்றையும் மேஜைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, காலிப் பெட்டியைக் காலால் ஓரம் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியது. அப்போதுதான் அவருடைய புத்தி ஒரு கணம் நின்றது. இரண்டு தடியர்கள் இடுப்பொடியத் தூக்கி வந்ததை, அவர் ஒற்றை ஆளாக, மூச்சுகூட வாங்காமல் எடுத்து வைத்திருந்தார். பாரத்தைக் கணக்குப் பார்த்தே பழகிய புத்தி அது, சற்றுத் தடுமாறியது. பிறகு, வந்தவர்கள் சோம்பேறிகள் என்று முடிவுகட்டிவிட்டு நகர்ந்தது. அடுத்தவன் சோம்பேறி என்பதைப் போல வசதியான விளக்கம் உலகத்தில் வேறில்லை.

கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடியது, பாதி வரைபடம் வரைக்கும். பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. மறுபடி போட்டால் மறுபடி பாதி வரைபடம், மறுபடி பெருமூச்சு. கம்பிகளைப் பிடுங்கிச் செருகினார். பிளக்கை மாற்றிப் பார்த்தார். திட்டிப் பார்த்தார். மாலை வெளிச்சம் ஜன்னலில் மங்கிக்கொண்டிருந்தபோது நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ திரை கறுத்தது. அந்தக் கறுப்பில் அவர் முகமும், அவருக்குப் பின்னால் இருந்த சோபாவும் தெரிந்தன. சோபாவில் யாரும் இல்லை. யாரும் இல்லாத அந்தச் சோபாவின் மெத்தை, களைத்து வந்த ஆள் மெதுவாக உட்காருவதைப் போல, கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தார். மெத்தையின் நடுவில் பள்ளம். எழுந்துபோய்ப் பள்ளத்தில் கையை வைத்தார். கையை எதுவும் தடுக்கவில்லை. வெறும் காற்று, கொஞ்சம் குளிர்ந்த காற்று, நனைந்த அட்டையின் நாற்றம். ஆனால் கைக்குக் கீழே ஸ்பிரிங் கிறீச்சென்று முனகி, இன்னும் சற்று இறங்கியது.

கம்ப்யூட்டரைத் திருப்பி அனுப்பிவிடுவதென்று அவர் முடிவு செய்தது அப்போதுதான். பெருமூச்சுக்காக என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் கீழ்வீட்டுத் தையல்காரம்மா படியேறி வந்தார். வாயில் இரண்டு குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே பேசக்கூடியவர் அவர்.

"தம்பி, மேல யாரு நடக்குறது? என் தையல் மிஷின் மேல சுண்ணாம்பு உதிருது."

"நானும் குட்டியும்தாங்க இருக்கோம்."

"அது ரெண்டு பேரு நடக்குற நடையா? பீரோவுக்குக் கால் மொளச்சு நடக்குற மாதிரில்ல இருக்கு! சம்சாரம் ஊர்ல இல்லன்னா வீட்டுல மல்யுத்தமா நடத்துறீங்க?"

"இல்லங்க..."

"அதுவும் முந்தாநாள் பரவால்ல தம்பி. நேத்து அதைவிட ஜாஸ்தி. இன்னைக்கு அதைவிட. அப்படியே போனா கூரையோட என் மடியிலதான் வந்து உக்காரும்."

அந்த அம்மா சிரித்துவிட்டுப் போய்விட்டார். வரைபடக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றைவிட இன்று ஜாஸ்தி. பள்ளிக்கூடத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும் லிஃப்ட் அது. இரண்டு பேர் ஏறியதும், பாரம் அதிகம் என்று மணி அலறியது. அவர் இறங்கினார். அலறல் நிற்கவில்லை. உள்ளே, புத்தகப் பையும் இரட்டைச் சடையுமாக, தனியாக நின்ற மகள் தன் இடது பக்கம் கொஞ்சம் ஒதுங்கி நின்றாள், கூட்டத்தில் இடம் விடுகிறவர்களைப் போல.

"குட்டி, வெளிய வா."

வந்தாள். மணி ஓய்ந்தது. வாசலில் கிடந்த தேங்காய் நார் மிதியடி அவள் பக்கத்தில் அமுங்கியது.

இணையக் கடைக்குப் போன் செய்தார். தேன் தடவிய குரலில் ஒரு பெண் எடுத்தாள்.

"உங்க சிரமத்துக்கு வருந்துறோம் சார். எடுத்துட்டுப் போக ஆள் வருவாரு. பெட்டி வந்தப்போ என்ன எடை இருந்துச்சோ அதே எடையோட திரும்பணும் சார். அது மட்டும் பார்த்துக்கங்க."

வந்த ஆளை அந்தத் தெருவே தராசு என்றுதான் கூப்பிடும். தோளில் எந்நேரமும் ஒரு கொக்கித் தராசு தொங்கும். ஆளும் அந்தக் கொக்கி மாதிரியே ஒல்லியாக வளைந்திருப்பார். கட்டி வைத்த பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கினார். கொக்கித் தராசின் முள்ளையும் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வந்தப்ப முப்பத்தொண்ணு. இப்ப பதிமூணு. பதினெட்டுக் கிலோ குறையுது சார்."

"உள்ள இருந்ததெல்லாம் போட்டாச்சே."

"போட்டிருந்தா குறையாதே."

"உங்க தராசு சரியா இருக்கா?"

தராசு கோபித்துக்கொள்ளவில்லை. வாசலில் இருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கிக் காட்டினார், சரியாகத்தான் இருந்தது. தன் செல்போனையும் காட்டினார். எடை சேராவிட்டால் அது ரசீது போடாது. தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

அன்று மாலைதான் அது முதன்முதலாக மகளின் மேல் உட்கார்ந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த களைப்பில் கட்டிலில் படுத்திருந்தாள். பக்கத்து அறையில் இருந்த அவருக்கு அவள் குரல் கேட்டது. அழுகை இல்லை, சாதாரணமாகக் கூப்பிடுகிற குரல்.

"அப்பா, காலை எடுக்க முடியல."

போய்ப் பார்த்தார். போர்வை அவள் கால்களின் இரண்டு பக்கமும் முரசுத் தோல் போல இழுத்துக் கட்டிக்கொண்டு நின்றது. கட்டிலின் கால்மாட்டில் மெத்தை ஒரு தொட்டியாக இறங்கியிருந்தது. கைகளை வீசி அடித்தார். காற்றைத்தான் அடித்தார். முட்டி போட்டு, தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். தள்ளுவதற்கு அங்கே உடம்பு இல்லை. எடை மட்டும் இருந்தது. கடைசியில் மகளின் அக்குளில் கைகொடுத்துப் பின்பக்கமாக இழுத்தபோது, கால்கள் உறையிலிருந்து உருவிய மாதிரி வந்தன. பாதங்கள் ரத்தம் செத்து வெளுத்திருந்தன.

"வலிக்குதா கண்ணு?"

"இல்ல. மரத்துப்போச்சு. அது தெரியாம உக்காந்துருச்சுப்பா."

"எது?"

மகள் தோளைக் குலுக்கினாள். "பெட்டில வந்தது."

"அது யாரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார்.

"இன்னும் யாரு மாதிரியும் இல்ல."

மனைவியிடம் போனில் சொன்னார். எப்படிச் சொன்னாலும் பைத்தியக்காரத்தனமாகத்தான் வந்தது.

"ஏங்க, வளர்ற புள்ளைக்குக் கால் மரத்துப்போறதெல்லாம் சகஜம். எண்ணெய் தேச்சு விடுங்க."

"மரத்துப்போறது இல்லம்மா. பாரம். மேல ஏதோ உக்காருது."

"ஒரு வாரம் புள்ளயப் பார்த்துக்கிட்டதுக்கே பாரமா? ஆறு வருஷமா நான் பார்த்தேனே, என் தலைமேல எது உக்காந்துச்சுன்னு எப்பவாவது கேட்டீங்களா?"

போனை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் அது முழங்காலுக்கு ஏறியது. அதற்கடுத்த நாள் தொடைக்கு. மகளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். நாற்காலியின் ஒரு கால் முறிந்தது. தரையில் படுக்க வைத்துப் பார்த்தார்; தரை ஓட்டுக்கும் அதற்கும் நடுவில் அவள் இன்னும் மோசமாக நசுங்கினாள். தன்னையே குறுக்கே போட்டுப் படுத்துப் பார்த்தார். அது அவரை லட்சியமே செய்யவில்லை. அவர் முதுகு வழியாக, ஈரச் சாக்கு இறங்குவதைப் போலக் குளிர்ச்சியாக இறங்கி, அவருக்குக் கீழே இருந்த பிள்ளையின் மேல் போய் உட்கார்ந்தது. அவருக்கு ஒரு பாரமும் தெரியவில்லை. அவர் நெஞ்சுக்கடியில் மகள் மூச்சுக்குத் திணறுவது மட்டும் தெரிந்தது.

காலிலிருந்து முழங்கால். முழங்காலிலிருந்து தொடை. அடுத்து வயிறு. அதற்கடுத்து என்ன என்று சொல்ல வரைபடம் படித்திருக்க வேண்டியதில்லை.

வீட்டைவிட்டே போய்விடலாம் என்று ஒரு மத்தியானம் வாடகைக் காரைக் கூப்பிட்டார். லிஃப்டை நம்பாமல் படி வழியாக மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவர்களுக்குப் பின்னால் ஒவ்வொரு படியும், சாவகாசமாக, கடகடத்தது. கார் தெருமுனைகூடத் தாண்டவில்லை. டிரைவர் ஓரம் கட்டி இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"சார், டிக்கில சிமெண்ட்டு மூட்டையா ஏத்துனீங்க? டயர் மேல பாடி உரசுது."

"ஒண்ணும் இல்லங்க. போங்க."

"எப்படி சார் போறது? வண்டி குந்திக்கிட்டு இருக்கு."

பின்சீட்டில் சாய்ந்திருந்த மகள், பேச மூச்சு போதாமல், விட்டு விட்டுச் சொன்னாள். "அப்பா. இதுவும் வருது. வயித்து மேல."

வீட்டுக்கே திரும்பினார்கள். வீட்டுக்குள் அதற்கு உலாவ இடம் இருந்தது. அவ்வப்போதாவது அவளைவிட்டு இறங்கி நடந்தது. கூடத்துத் தரை ஓடுகள் வரிசையாக முனகும்போதெல்லாம் அவருக்கு நிம்மதியாக இருந்தது. அது நடக்கிறது என்றால் உட்காரவில்லை என்று அர்த்தம். மனிதன் எதற்கெல்லாம் நிம்மதி அடையப் பழகிக்கொள்கிறான்!

தராசு இரண்டாவது தடவை வந்தபோது, வரைபடக்காரர் ஒரு தந்திரம் செய்து வைத்திருந்தார். வாடிக்கையாளர்களுக்குக் காட்ட வைத்திருந்த மாதிரித் தரை ஓடுகளை அந்த மூன்றாவது குழியில் அடுக்கி, மேலே ஃபோமை வைத்து மூடி, நாடா ஒட்டியிருந்தார். பெட்டியை வாசலுக்கு நகர்த்துவதற்குள் அவருக்கே நாக்குத் தள்ளியது. தராசு கொக்கியை மாட்டித் தூக்கினார்.

"பதிமூணு."

"இருக்காதே!"

"ஓடு போட்டீங்களா சார்?" தராசின் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. "எல்லாரும் ஏதாவது போடுவாங்க. ஒருத்தரு இஸ்திரிப்பெட்டி போட்டாரு. ஏறாது சார்."

"எல்லாருமா? அப்படின்னா வேற வீட்லயும்..."

தராசு கொக்கியைத் துணியால் துடைத்தார். வீட்டுக்குள் எட்டிப் பார்க்காமலிருக்க அவர் மிகவும் பிரயாசைப்படுவது தெரிந்தது.

"வந்ததெல்லாம் திரும்பணும் சார். அதான் ரூலு. என்ன வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நாளைக்குச் சாயங்காலம் வரேன். அதோட திருப்பி எடுக்குற கெடு முடியுது. அப்புறம் கூப்பிட்டா யாரும் வர மாட்டாங்க."

கடைசி நாளும் மழை. மத்தியானமே விளக்குப் போட வேண்டியிருந்தது. அன்று காலையில் மகளின் விலா எலும்புகளின் கீழ்வரிசையில், சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. அது விலாவுக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு சாண் ஏறினால் நெஞ்சு. அன்று பெட்டி போயாக வேண்டும், அதுவும் அதோடு போயாக வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அவள் மூச்சு நிற்கும்.

அவர் கூடத்தில், பிரித்து வைத்த பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, நேரம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை அதன் குழியில். கம்ப்யூட்டர் அதன் குழியில். மூன்றாவது குழி காலி. மகள் பெட்டிக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, யாரோடோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"குட்டி. அது உன் பேச்சைக் கேக்குமா?"

"சில நேரம் கேக்கும். விளையாட்டுன்னா கேக்கும்."

அவருக்கு ஒரு வழி தோன்றியது. மூழ்குகிறவனுக்குத் தோன்றுகிற மாதிரித் தோன்றியது.

"கண்ணாமூச்சி விளையாடலாம்னு கூப்பிடு. பெட்டிக்குள்ள போய் ஒளிஞ்சுக்கச் சொல்லு. சரியா? நான் பார்க்க மாட்டேன். சமையல்கட்டுல போய் நிக்கிறேன்."

சமையலறைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். கெடு முடிவதற்குள் ஆள் வருவாரா என்று கேட்கக் கடைக்குப் போன் போட்டார். தேன்குரல், "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்றுவிட்டு, ஏதோ ஒரு சங்கீதத்தை அவர் காதில் ஊற்றிவிட்டுப் போனது. அதற்குப் பின்னால் மழை. மழைக்குப் பின்னால் கூடத்தில் தரை ஓடுகள் முனகின. ஒன்று. இன்னொன்று. பெட்டியை நோக்கித்தான். பெட்டியை நோக்கித்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"அப்பா!"

"என்னடா?"

"அதுக்கு விளையாடத் தெரியலயாம். முதல்ல நான் ஒளிஞ்சு காட்டணுமாம்."

யோசித்தார். யோசிக்கவில்லை என்று அவர்மேல் பழி போடக் கூடாது. பிள்ளைகள் அப்படித்தானே சொல்லிக்கொடுக்கும், ஒன்று செய்து காட்டினால்தானே இன்னொன்று கற்றுக்கொள்ளும் என்று யோசித்தார். நேரமில்லை என்றும் யோசித்தார்.

"சரி, காட்டு. சீக்கிரம்."

"காத்திருந்ததுக்கு நன்றி சார்," என்றது தேன்குரல். வாசல் எண்ணைக் கேட்டது. தெருவைக் கேட்டது. திருப்பி அனுப்பும் காரணத்தைக் கேட்டது. "பெருமூச்சு விடுது" என்றார் அவர். அப்படி ஒரு காரணம் பட்டியலில் இல்லை சார் என்றது.

கூடத்தில் அட்டை உரசியது. ஃபோம் கிறீச்சிட்டது. யாரோ சிரிப்பை அடக்கிக்கொள்ளும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. மழைகூட ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது.

திரும்பி வந்தார். பெட்டி மூடியிருந்தது. நாலு மடிப்புகளும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகப்பட்டிருந்தன. பக்கத்தில் மகள் நின்றிருந்தாள், உதட்டின் மேல் விரலோடு.

"உள்ள இருக்கு," என்றாள் கிசுகிசுப்பாக.

அவர் நாடாவை இழுத்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, குறுக்கே, நெடுக்கே. உள்ளே ஏதோ மெதுவாக அசைந்தது. இன்னும் ஒரு சுற்று. உள்ளேயிருந்து ஒரு தட்டல். தட்டல் வேகமானது. அவர் காதில் விழாத மாதிரி ஒட்டினார். நாடா உருளை தீரும்வரை ஒட்டினார்.

வாசல் மணி அடித்தது. தராசு உள்ளே வராமல், கொக்கியை மட்டும் நீட்டினார். தூக்கினார். தராசின் முள் ஏறியது, ஏறியது, நின்றது.

"முப்பத்தொண்ணு. கச்சிதம் சார்." அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு தெளிவு. "இப்ப எல்லாம் உள்ள இருக்கு."

லிஃப்டில் பெட்டி ஏறியது. மணி அலறவில்லை. கதவு சாந்தமாக மூடிக்கொண்டு கீழே போனது. வரைபடக்காரர் வீட்டுக்குள் வந்து, சோபாவைப் பார்த்தார், மெத்தை உப்பியிருந்தது. கட்டிலைப் பார்த்தார், சமதளம். அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மகள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஜன்னலில் நின்று, தெருவில் தராசு தன் வேனின் பின்கதவைத் திறப்பதைப் பார்த்தார்கள்.

முப்பத்தொன்று. கச்சிதம்.

பாரத்தைக் கணக்குப் பார்த்தே பழகிய புத்தி. அது தானாகவே கணக்குப் போட ஆரம்பித்தது. வந்தபோது பதினெட்டு. சரி. ஆனால் வந்தது வந்தபடி இருக்கவில்லையே. நாளுக்கு நாள் ஏறியதே. சுண்ணாம்பு உதிர்ந்தது. லிஃப்ட் அலறியது. நாற்காலிக் கால் முறிந்தது. கார் குந்தியது. பதினெட்டுக் கிலோவுக்கு எந்தக் கார் குந்தும்? அது உள்ளே போயிருந்தால் தராசு தாங்கியிருக்காது. கொக்கி நிமிர்ந்திருக்கும். தராசுக்காரரின் தோள் இறங்கியிருக்கும்.

பதினெட்டு.

வீட்டில் பதினெட்டுக் கிலோ எடையில் வேறு என்ன இருக்கிறது?

செல்போன் சிணுங்கியது. பிடிபடாத கையால் எடுத்துப் பார்த்தார். பொருள் பெற்றுக்கொள்ளப்பட்டது, நன்றி என்று கடையிலிருந்து செய்தி. கூடவே அத்தாட்சிக்குத் தராசு எடுத்தனுப்பிய படம். வேனின் இருட்டு. அதில் பெட்டி. பெட்டியின் பக்கவாட்டில், தூக்குவதற்காக வெட்டியிருந்த ஓட்டை. ஓட்டையின் விளிம்பை உள்ளேயிருந்து பற்றியபடி, வெளியே மடங்கிய நாலு விரல்கள்.

சின்ன விரல்கள்.

கீழே வேன் கிளம்பியது. அவர் கத்த வாயைத் திறந்தார். ஓட முயன்றார். கை வரவில்லை. மகள் பிடித்திருந்த கை. அதை இழுத்தார். சுவரில் பதித்த இரும்பு வளையத்தை இழுப்பது போலிருந்தது. வேன் மழையில் திரும்பியது. சிவப்பு விளக்கு தேய்ந்தது. போய்விட்டது.

"அப்பா," என்றது பக்கத்தில், குட்டியின் குரல். "தூக்கு."

அவர் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்கவும் முடியவில்லை. இரட்டைச் சடை. அதே கவுன். அதே சிரிப்பு. பாதங்களுக்குக் கீழே தரை ஓடு டக்கென்று விரிசல் விட்டது. அடுத்த ஓடும். அது இன்னொரு கையையும் உயர்த்தி, விரல்களை விரித்து மூடி, விரித்து மூடி, பொறுமையாக நின்றது.

"தூக்குப்பா."

வரைபடக்காரருக்குக் கல்யாணமே ஆகவில்லை. என் வாயில்தான் இப்போது லேசாக அழுகல் நாற்றம்.